வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் வளரும் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி–பதில்

குடும்ப வன்முறை, குழந்தைகளின் மனக்காயம், அதிலிருந்து மீள்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் எட்டுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரையும் அடையாளங்களையும் நீக்கியிருக்கிறோம். பதில் எழுதியிருப்பது இத்துறையில் பணிபுரியும் ஆலோசகர் குழு.

சிறுவயதில் பட்ட கசப்பான அனுபவங்களை எண்ணும், கைப்பேசியில் வந்த பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்றில் எனக்கு 6 மதிப்பெண். அப்பா குடிப்பார், அம்மாவையும் எங்களையும் அடிப்பார். 4-க்கு மேல் போனாலே மாரடைப்பு, மனச்சோர்வு, ஆயுள் குறைவு என்று அதிலேயே போட்டிருந்தது. எனக்கு வயது 34. இரண்டு குழந்தைகள். அதைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. — வாசகி, திருப்பூர்

அந்தப் பட்டியலை விளக்கமில்லாமல் பரப்புகிறவர்கள் மேல் எங்களுக்கு வருத்தம் உண்டு. அது அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1995 முதல் 1997 வரை நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. கெய்சர் பெர்மனென்டே மருத்துவமனையின் வின்சென்ட் ஃபெலிட்டியும், அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் ராபர்ட் ஆண்டாவும் நடத்தினார்கள். உடல் பரிசோதனைக்கு வந்த 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு கசப்பான அனுபவம் இருந்தது. எட்டில் ஒருவருக்கு நான்கோ அதற்கு மேலோ இருந்தன. அப்படிப்பட்டவர்களிடம் குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை, எந்த அனுபவமும் இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று 1998-ல் வெளியான கட்டுரை சொன்னது.

அந்த எண்கள் சரியானவைதான். ஆனால் அவை பெருங்கூட்டத்தைப் பற்றிய கணக்கு. மாவட்டத்தின் சராசரி மழையளவை வைத்துக்கொண்டு இன்று உங்கள் வாசலில் மழை பெய்யுமா என்று சொல்ல முடியாதல்லவா? மேலும் அந்தப் பட்டியல் எண்ணுவது வகைகளை மட்டும்தான். வாழ்க்கையில் இரண்டே முறை அடி வாங்கியவருக்கும், பத்து வருடம் இரவுதோறும் அடி வாங்கியவருக்கும் அந்தக் கேள்வியில் அதே 1 மதிப்பெண். எந்த வயதில் நடந்தது, எப்போது நின்றது, பக்கத்தில் யார் துணை இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. வறுமை, சாதி இழிவு, போர், பள்ளியில் நடந்த கொடுமை எதுவும் இல்லை. ராபர்ட் ஆண்டாவே 2020-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, இந்த மதிப்பெண்ணைத் தனி மனிதரின் எதிர்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதினார்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கசப்பான சிறுவயது உடலைத் தாக்குகிற வழிகளில் புகை, குடி, தூக்கமின்மை, கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு ஆகியவை முக்கியமானவை. இவை நான்கும் இன்று உங்கள் கைக்கு எட்டக்கூடியவை. வருடம் ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். உங்கள் குழந்தைகள் அடி விழாத வீட்டில் வளர்கிறார்கள் என்றால், உங்களுக்கு 6 வாங்கித் தந்த அந்தப் பட்டியலில் அவர்களுடைய எண் மிகக் குறைவாக இருக்கும்.

கணவர் குடித்துவிட்டு வரும் நாட்களில் கை நீட்டுவார். ஒருமுறை கழுத்தை நெரித்தார். மகளுக்கு மூன்று வயது. அந்த நேரங்களில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பாள், எதையும் பார்த்ததில்லை. கொஞ்ச நாளாக மறுபடி படுக்கையை நனைக்கிறாள். அவளுக்காகத்தான் பொறுத்துப் போகிறேன். — மதுரை மாவட்டம்

சகோதரி, நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட கழுத்து விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கன்னத்தில் அறைவதும் கழுத்தை நெரிப்பதும் ஒன்றல்ல. ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பிற்பாடு அதே ஆளால் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் என்று அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. வெளியே தடம் தெரியவில்லை என்பது ஆறுதல் அல்ல. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தடமே இருப்பதில்லை. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். குரல் கம்மியது, விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி, அந்த நேரத்தில் மயக்கம் அல்லது தன்னையறியாமல் சிறுநீர் போனது, பிறகு தொடரும் தலைவலி — இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், கழுத்தை நெரித்தார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குழந்தை தூங்குகிறாள், அவளுக்குத் தெரியாது என்பதற்கு வருவோம். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 6 முதல் 12 மாதக் குழந்தைகள் இயல்பாகத் தூங்கும்போதே மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் வெளிவந்த சிறிய ஆய்வு அது. கோபக் குரலில் வார்த்தைகளைக் கேட்கவிட்டபோது, சண்டை மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் மூளையில் பதற்றத்தைக் கையாளும் பகுதிகள் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இயங்கின. காலையில் அம்மாவின் வீங்கிய முகம், உடைந்த டம்ளர், அப்பாவின் பேச்சற்ற நடமாட்டம் எல்லாவற்றையும் மூன்று வயதுக் குழந்தை படித்துவிடும். ஏற்கெனவே பழகிய கழிப்பறைப் பழக்கம் திரும்பக் கெடுவது அதன் ஓர் அடையாளம். சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ இல்லையென்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டாதீர்கள், நனைந்த துணியை எடுத்துவிட்டு வேறு போட்டுப் படுக்க வைத்தால் போதும்.

இருப்பதா கிளம்புவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த முடிவாக இருந்தாலும் இன்றே ஓர் ஏற்பாடு தேவை. சண்டை மூளும்போது சமையலறைக்குள் போகாதீர்கள்: கத்தி, அடுப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். குளியலறைக்கும் போகாதீர்கள்: வெளியேற வேறு வழி கிடையாது. வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஓர் அடையாளச் சொல் சொல்லி வையுங்கள், "அக்கா, உறைமோர் இருக்கா?" என்று இரவில் கேட்டால் 112-க்கு அழைக்க வேண்டும் என்பது போல. ஆதார், குடும்ப அட்டை, மகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, வங்கிப் புத்தகம், திருமணப் பத்திரிகை அல்லது புகைப்படம், பழைய ஓ.பி. சீட்டுகள் ஆகியவற்றின் நகலையும், ஒரு வாரத்துக்கான மருந்து, சில்லறையாகக் கொஞ்சம் பணத்தையும் வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பையைத் தயாராகக் கட்டி வீட்டிலேயே வைத்தால் அவர் கண்ணில் பட்டு அதுவே அடுத்த அடிக்குக் காரணமாகிவிடும். பலருக்கு இப்படி நடந்திருக்கிறது. மூன்று தொலைபேசி எண்களை மனப்பாடம் செய்யுங்கள், கைப்பேசி பறிபோகலாம். கிளம்பப் போகிறேன் என்று முன்கூட்டி அறிவிக்காதீர்கள். பிரிகிற சமயமும் அதை ஒட்டிய வாரங்களுமே மிக ஆபத்தானவை. பெண்கள் உதவி எண் 181. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை குழந்தையோடு தங்கலாம்.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான, 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்திய அளவில் இது 29. வன்முறைக்கு ஆளானவர்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் சொன்னதே இல்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள். அடுத்து வாய்விட்டு ஒருவரிடம் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில் "பேசித் தீர்த்துக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு விவாகரத்து வேண்டாம். அடி நிற்க வேண்டும், இருக்க இடம் வேண்டும். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். — விழுப்புரம்

நீங்கள் கேட்பதற்கென்றே உள்ள சட்டம் 2005-ன் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். விவாகரத்து வழக்கு போடாமலே இதைப் பயன்படுத்தலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். அதோடு 12-வது பிரிவில் மனு. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். புகுந்த வீட்டு ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

மனுவில் என்ன கேட்கிறோம் என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும். அடிக்கவோ தொல்லை செய்யவோ கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு 18-வது பிரிவு, குடியிருப்பு 19, பணம் 20, குழந்தை யாரிடம் என்பது 21. "தக்க நிவாரணம்" என்று பொதுவாக எழுதிய மனுக்கள் இழுத்துக்கொண்டே போவதைப் பார்க்கிறோம். சட்டம் முதல் விசாரணைக்கு 3 நாள், முடிவுக்கு 60 நாள் என்கிறது. நடப்பில் அப்படி முடிவது அரிது. அதனால்தான் 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவை முதல் நாளிலேயே, பிரமாண வாக்குமூலத்தோடு கேட்டுவிட வேண்டும். வீடு மாமனார் பெயரில் இருப்பது தடையல்ல. நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு கணவரின் உறவினருக்குச் சொந்தமாக இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாக, அதாவது நீங்கள் குடியிருக்க உரிமை கேட்கக்கூடிய வீடாக இருக்க முடியும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வழக்கு பலவீனமாகும் இடம் பெரும்பாலும் மருத்துவமனைதான். அவசரப் பிரிவில் மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், எந்த நேரம், எந்த இடம், தெரிந்த நபரா தெரியாத நபரா, கையாலா பொருளாலா என்று நீங்கள் சொல்வது அப்படியே ஏறும். மாமியார் பக்கத்தில் நிற்கிறாரே என்று "மாடிப்படியில் விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுவும் அப்படியே ஏறும், இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் வாசிப்பார். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். காயத்தை அன்றும், கன்றிப்போய் நிறம் மாறும் இரண்டு மூன்று நாள் கழித்தும் படமெடுங்கள்: முகம் தெரிய ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து அருகில் ஒன்று. மூலப்படம் உள்ள கைப்பேசியை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பேசித் தீர்ப்பதாக எழுதி வாங்கினால், அதில் அடித்தது ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மருமகன் செய்த கொடுமை தாங்காமல் மகள் எங்களோடு வந்துவிட்டாள். பேரனுக்கு எட்டு வயது. வந்த புதிதில் அமைதியாக இருந்தான். இப்போது பிள்ளைகளை அடிக்கிறான், பாத்திரத்தை எறிகிறான், ராத்திரி அலறி எழுகிறான். அப்பன் மாதிரியே ஆகிவிடுவானோ என்று பயம். — ஒரு பாட்டி, நாகர்கோவில்

அம்மா, பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் குழந்தை மோசமாவது போலத் தெரிவது வழக்கமான ஒன்று. அங்கே வாய் திறந்தால் அடி. இங்கே திறக்கலாம் என்று தெரிந்துவிட்டது. இந்த வாரங்களில்தான் பல குடும்பங்கள் சலித்துப்போய், பிள்ளையைச் சித்தி வீடு, மாமா வீடு, விடுதி என்று மாற்றி மாற்றி அனுப்பிவிடுகின்றன. அந்த அலைச்சல் பழைய அடியைவிடக் குறைந்த காயமல்ல.

அப்பன் மாதிரி ஆவானா என்பதற்கு நேரான ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்ற ஆய்வாளர், நீதிமன்றத்தில் உறுதியான கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 908 குழந்தைகளையும், அதே வயது, அதே பகுதி, அப்படி எதுவும் பதிவாகாத 667 பேரையும் ஒப்பிட்டு 1989-ல் வெளியிட்டார். சிறார் பருவத்தில் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் 26 சதவீதம், இரண்டாவதில் 17. வித்தியாசம் உண்மை; அதை மறைக்கக் கூடாது. ஆனால் கொடுமைக்கு ஆளானவர்களில் நான்கில் மூன்று பேர் சிறார் பருவத்தில் கைதாகவே இல்லை என்பதும் அதே எண்தான்.

இன்னொன்று உங்களைப் பற்றியதே. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடிகாரப் பெற்றோர், ஓயாத சண்டை என்று பல சுமை ஒன்றாகச் சேர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர், 72 பேர், திடமான, அன்பான பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது, கைவிடாத ஒரு பெரியவர். பல நேரம் அது பாட்டியோ தாத்தாவோதான். பதின்வயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளில் நிமிர்ந்துவிட்டார்கள். படிப்பைத் தொடர்ந்தது, நல்ல துணை அமைந்தது, ஒரு சமய நம்பிக்கைக் குழுவோடு சேர்ந்தது என்று திருப்பங்கள் வேறு வேறு. தாங்கும் சக்தி பிள்ளையின் நெஞ்சுக்குள் பிறவியிலேயே இருக்கிறது அல்லது இல்லை என்று நினைப்பது தவறு. பெரும்பகுதி அவனைச் சுற்றி இருப்பவர்களிடம் இருக்கிறது.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு வெறி வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எப்படி அடங்கியது. பைக் நிற்கும் சத்தம், பெல்ட், சாராய வாடை, யாரோ சட்டென்று கை தூக்குவது என ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். தெரிந்துவிட்டால் பாதி தவிர்க்கலாம், மீதிக்கு முன்னறிவிப்புக் கொடுக்கலாம்: "தாத்தா வண்டிதான் வருதுடா." வெறி வந்த நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள், அப்போது காதில் ஏறாது. பின்னாலிருந்து பிடிக்காதீர்கள். மற்றப் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, இரண்டடி தள்ளி அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, தணிந்த குரலில் "பாட்டி இங்கதான் இருக்கேன்" என்ற ஒன்றையே சொல்லுங்கள். அடங்கி அரை மணி கழித்து, எறிந்ததை அவனோடு சேர்ந்து பொறுக்குங்கள். அடிப்பது கூடாது என்ற விதியை அப்போது சொல்லுங்கள், தவறாமல் சொல்லுங்கள்.

இரவில் அலறினால் மங்கிய விளக்கைப் போட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றி உட்கார வைத்து, பெயர், இருக்கும் இடம், கிழமை மூன்றையும் சொல்லி, இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுங்கள். என்ன கனவு என்று அப்போது கேட்காதீர்கள். மறுநாள் பகலில் அவன் விரும்பினால் வரையட்டும், முடிவை அவன் இஷ்டத்துக்கு மாற்றி வரையட்டும். அப்பாவைத் திட்டுவதை அவன் காதுபட யாரும் செய்ய வேண்டாம். அவனுக்கு அது தன்னையே பாதி திட்டுவது.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனால், அல்லது "செத்துப் போறேன்" என்று சொன்னால் அன்றைக்கே, மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மனக்காயத்தை மையமாக வைத்த பேச்சு சிகிச்சைக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. பொதுவாக 12 முதல் 16 அமர்வு, அதில் பராமரிக்கிற பெரியவருக்கும் பங்குண்டு. இந்தக் காயத்துக்காகக் குழந்தைகளுக்கு மனச்சோர்வு மாத்திரை தரக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். வேறு நோய்க்காக மருத்துவர் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், காரணம் கேளுங்கள்.

நான் படிப்பிக்கிற பிள்ளைகள் எல்லாம் 2009-க்குப் பிறகு பிறந்தவை. சண்டையைக் கண்டதில்லை. எண்டாலும் சில பிள்ளைகள் திடுக்கிட்டு, பயந்து, ஒதுங்கி நிக்கினம். எல்லாத்துக்கும் போர்தான் காரணம் எண்டு சொல்லி விடலாமோ? — ஆசிரியை, கிளிநொச்சி

விட முடியாது, ஆசிரியை. இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கிளாடியா கட்டானியின் குழு செய்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. 82.4 சதவீதமான பிள்ளைகள் ஏதாவது ஒரு போர்ச் சம்பவத்தைக் கண்டவர்கள். ஆனால் வீட்டுக்குள் ஏதாவது ஒரு வன்முறை அனுபவத்தைச் சொன்னவர்கள் 95.6 சதவீதம். தகப்பனின் குடியும், பிள்ளை முன்பு எதிர்கொண்ட போர் அனுபவங்களும் வீட்டு வன்முறையின் அளவோடு சேர்ந்தே ஏறின. போர் முடிந்தாலும் குடியாகவும் அடியாகவும் அது வீட்டுக்குள் தங்கிவிடுகிறது. அதே நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் 2015-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பெற்றோரின் பரிவு கிடைத்த பிள்ளைகள் எவ்வளவு அதிர்ச்சியைக் கண்டிருந்தாலும் மனச்சோர்வு, பயம் போன்றவற்றிலிருந்து காக்கப்பட்டார்கள் என்று காட்டியது.

சிகிச்சைக்கும் உங்கள் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. சுனாமிக்குப் பிறகு 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குக் கதைசொல்லும் முறை: தரையில் ஒரு கயிற்றைப் பிறப்பிலிருந்து இன்றுவரை என்று விரித்து, நல்லதற்குப் பூ, கெட்டதற்குக் கல் வைத்து, ஒவ்வொரு கல்லையும் வரிசைப்படி விவரமாகச் சொல்ல வைப்பது. மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் பகுதியில் 81, இரண்டாவதில் 71 சதவீதம் பிள்ளைகள் மீண்டிருந்தார்கள். சிறிய ஆய்வு, சிகிச்சையே பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

இதைப் பார்த்து நீங்கள் வகுப்பில் கயிறு விரிக்க வேண்டாம். கல்லைத் திறந்துவிட்டு மணி அடித்ததும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது கெடுதல். நீங்கள் செய்யக்கூடியது: சுவரில் முதுகு படும்படி, கதவு தெரியும்படி இருக்கை, சத்தம் போடப் போகும் முன் சொல்லிவிடுவது, நாளும் அதே ஒழுங்கு. காயம் கண்டால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ 1929 எண்ணிலோ அறிவியுங்கள். தாய்க்கு உதவி தேவையென்றால் 1938.

"அடியாத மாடு படியாது" என்று எங்களை அடித்துத்தான் வளர்த்தார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம்? — சேலம்

நன்றாக இருப்பவர்கள் அடியால் நன்றாக இருக்கிறார்களா, அடியை மீறியா என்பதுதான் கேள்வி. 50 ஆண்டுகளில் வந்த 75 ஆய்வுகள், 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் — இவற்றைத் தொகுத்து எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன் கேலர் இருவரும் 2016-ல் வெளியிட்டார்கள். கொடுமை என்று யாரும் சொல்லாத சாதாரண அடியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் மூர்க்கம், கீழ்ப்படியாமை, மனச்சிக்கல் கூடுதலாக இருந்தனவே தவிர, ஒழுக்கம் கூடியதாகத் தெரியவில்லை. விளைவின் அளவு சிறியதுதான். ஆனால் திசை ஒன்றே. பள்ளியில் அடிப்பது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி தடைசெய்யப்பட்டது.

நான்தான் அடிக்கிறவன். மனைவியை. மகன் என்னைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். நிறுத்த வேண்டும். தினமும் குடிக்கிறேன். — பெயர் இல்லை

எழுதியது நல்லது. முதலில் குடி. தினமும் அதிகம் குடிப்பவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நடுக்கம், வியர்வையில் தொடங்கி இரண்டாவது மூன்றாவது நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை போதை மீட்புப் பிரிவில் மருந்தோடு நிறுத்துங்கள்.

ஆனால் குடியை விட்டால் அடி தானாக நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். குடித்தபோது மேலதிகாரியை அடிக்கிறீர்களா? இல்லை. யாரை அடிக்கலாம் என்ற தீர்மானம் போதைக்கு முன்பே இருக்கிறது. கோபம் ஏறுவதை உடம்பு முன்கூட்டிக் காட்டும்: தாடை இறுகும், காது சூடாகும், குரல் மாறும். அந்த இடத்திலேயே வெளியேறுங்கள். இதை நிதானமாக இருக்கும் நாளில் மனைவியிடம் சொல்லி வையுங்கள்: "ஒரு மணி நேரம் போய்விட்டு வருவேன்." நடந்து போங்கள், வண்டி வேண்டாம், கடை வேண்டாம், மனைவியின் தவறுகளை மனதில் அடுக்கிக்கொண்டே நடக்கவும் வேண்டாம். சொன்ன நேரத்தில் திரும்புங்கள். அவர் பேச விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

தம்பதியாக ஆலோசனைக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். இப்போது வேண்டாம். அடி நடந்துகொண்டிருக்கும் வீட்டில், அறையில் மனைவி வாய்விட்டுச் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். நீங்கள் தனியாகப் போங்கள். மனைவி அம்மா வீட்டுக்குப் போக நினைத்தால் போகவிடுங்கள். மகனிடம் "இனிமே அடிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "அப்பா செய்தது தப்பு. உன் மேலயும் அம்மா மேலயும் தப்பில்ல" என்று சொல்லுங்கள். அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தால் இழுக்காதீர்கள். அவனாக வரட்டும், மாதங்கள் ஆகலாம்.

மாடி வீட்டில் ஒரு குழந்தையின் அலறல் அடிக்கடி கேட்கிறது. புகார் செய்தால் என் பெயர் வெளியே வருமா? தவறாக இருந்துவிட்டால்? — சென்னை

குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை. பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். நிரூபிக்கிற பொறுப்பு உங்களுடையது அல்ல. கதவு எண், தெரு, குழந்தையின் ஏறக்குறைய வயது, எந்தெந்த நாள் எத்தனை மணிக்குக் கேட்டது, என்ன வார்த்தை காதில் விழுந்தது, இப்போது நடந்துகொண்டிருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். நடந்துகொண்டிருந்தால் முதலில் 112. பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது சிறார் நீதிச் சட்டம் 75-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் தகவல் சொல்வது விருப்பமல்ல, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி கடமை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

குழந்தையே உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால், "அப்பா அடிச்சாரா?" என்று பதிலை நீங்களே ஊட்டாதீர்கள், "என்ன ஆச்சு?" என்பதோடு நிறுத்துங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை சொன்ன அதே வார்த்தைகளைத் தேதியும் நேரமும் போட்டு அன்றே எழுதிவையுங்கள். மேலே போய்ப் பெற்றோரிடம் நியாயம் கேட்க வேண்டாம். நீங்கள் இறங்கி வந்தபின் கதவு சாத்தப்படும், உள்ளே இருக்கப்போவது குழந்தை.